லஸ்கிக்கு அசையாத மணப்பெண்

1

இது கதையாகப் பிறந்ததில்லை. உலக நடனச் சொற்களுக்கு அகராதி போடுகிறோம், நீ உஸ்பெகிஸ்தானில் உர்கெஞ்சில்தானே இருக்கிறாய், அந்தப் பக்கத்துச் சொற்களை எழுதி அனுப்பு என்றார் நண்பர். வால்ட்ஸையும் டாங்கோவையும் கெட்டிக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது லஸ்கி.

'லஸ்கி: கோரெஸ்ம் மக்களின் நடனம். முதலில் விரல்கள் அசையும். பிறகு மணிக்கட்டு, தோள். கடைசியில் மொத்த உடம்பும்...'

அங்கேயே நின்றுவிட்டது. (அடித்துவிட்டது: 'மொத்த உடம்பும் சொன்ன பேச்சைக் கேட்காது.' அகராதிக்கு இது ஆகாது.) உதாரணத்துக்கு ஒரு வாக்கியம் வேண்டுமென்று இந்திஸார் என்று ஒரு பெண்ணைக் கற்பனையில் கூப்பிட்டேன். வந்தவள் திரும்பிப் போகவில்லை.

2

இந்திஸார் பத்து வருடமாக நடனக் குழுவில் ஆடுகிறவள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. கல்யாணத்துக்கு மறுநாள் காலை முகத்திரையோடு நின்று சொந்தபந்தங்களுக்கெல்லாம் குனிந்து சலாம் சொல்ல வேண்டும். புதுப்பெண் ஆடக் கூடாது. மாமியாராகப் போகிற ஸாபிரா ஒரு நிபந்தனை போட்டார்.

"சலாம் முடிஞ்சதும் லஸ்கி வாசிப்பாங்க. எல்லாரும் ஆடுவாங்க. நீ மட்டும் மரம் மாதிரி நிக்கணும். நின்னுட்டேன்னா தாராளமா குழுவுக்குப் போ, உன் ஆட்டச் சட்டைய நானே தேச்சுக் குடுக்கறேன். ஒரு விரல் ஆடுச்சு, ஆடும்போது கட்டற கைமணிய எங்கிட்ட குடுத்துரணும். அதோட ஆட்டம் முடிஞ்சுது."

"ஏன் அத்தே இப்படி?"

"ஆட்டக்காரிய கூட்டிட்டு வந்துட்டான்னு முந்நூறு பேர் வாயில விழ என்னால முடியாதும்மா."

(ஸாபிராவைக் கொடுமைக்கார மாமியாராக மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பாதியில் எழுந்து போய், ரொட்டி சுட்டுக்கொண்டுவந்து எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தார். விட்டுவிட்டேன்.)

3

அன்று தோய்ரா என்கிற கைப்பறையைத் தட்டப்போகிறவன் ஆதாஜான். அவன் கைத்தட்டுக்குத்தான் அவள் இத்தனை வருடமும் ஆடியிருக்கிறாள்.

"அண்ணே, அன்னிக்கு மட்டும் தப்பாத் தட்டு. நீ நல்லா வாசிச்சா என் கை நிக்காது."

"அடிப்பாவி! லஸ்கியத் தப்பாத் தட்டினா அப்புறம் எவன் என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்? கழுதை வண்டி ஓட்டத்தான் போகணும்."

"என் ஆட்டமே போயிரும்ணே."

ஆதாஜான் தேநீரை ஊதி ஊதி ஆறவைத்தான். குடிக்கவில்லை.

"தலையெழுத்து. சரி, போ."

(இந்த இடத்தில், 'அவன் அவளை மனசுக்குள்' என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்தேன். அண்ணே என்று கூப்பிட்டாயிற்று. நீங்களும் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள்.)

4

காலை பத்து மணி. முற்றம் நிறைய ஆட்கள். சலாம் முடிந்தது. பும், பக, பக்... அடுத்த தட்டு வர வேண்டிய இடத்தில் வரவில்லை. எழுந்த கைகளெல்லாம் பாதியில் நின்றன.

"என்னப்பா, கை சுளுக்கிக்கிச்சா? நேத்துச் சாப்பிட்ட புலாவ் இன்னும் செரிக்கலையா?" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா.

ஆதாஜானின் காது சிவந்தது. தலை நிமிராமல் இன்னொரு தட்டையும் பிசகவிட்டான். எனக்கு அவன்மேல் அவ்வளவு பிரியம் வந்தது. இந்திஸார் மரமாக நின்றாள்.

இங்கேயே கதையை முடித்திருக்கலாம். ஆனால் முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை மறந்து தொலைத்துவிட்டேன். ஒத்திகையில் அவன் தாளம் பிசகினால் சுண்டுவிரலால் எண்ணிக் காட்டி வழிக்குக் கொண்டுவருகிறவள் அவள்தான். நல்ல தாளத்துக்குப் பயந்த இரண்டு பேரும் தப்புத் தாளத்துக்குப் பயப்பட மறந்துவிட்டார்கள்.

சுண்டுவிரல் எழுந்தது.

5

'ஸாபிரா அதைப் பார்க்கவில்லை' என்று முடித்தேன். பொய். பக்கத்திலேயே நிற்கிறவர் எப்படிப் பார்க்காமலிருப்பார்? 'ஸாபிரா கைமணியைக் கேட்டார்' என்று முடித்தேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது இருப்பது இதுதான்: ஸாபிரா கையை நீட்டி அந்த விரலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அடக்கவா? ஊர் கண்ணில் படாமல் மறைக்கவா? அந்தத் தாளம் அவருக்குமே பொறுக்கவில்லையா? திரைக்குள் இருக்கிற இந்திஸாருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மாமியார்களை நீங்கள் என்னைவிட அதிகம் பார்த்திருப்பீர்கள், நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் கொஞ்சம் சீக்கிரம். நீங்கள் சொல்லும்வரை ஆதாஜான் தப்பாகவே தட்டிக்கொண்டிருக்க வேண்டும். பின்வரிசையில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.