நாற்பத்தேழாம் பக்கம் வரை

தபால்காரர் அழைப்பு மணியை அழுத்தியபோது மணி பதினொன்று பத்து. வழக்கமாக அந்த நேரத்துக்கு வீட்டில் ஈ காக்கை இருக்காது. அன்று அவள் இருந்தாள். ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்து, நாளைக்காவது சலவைக் கடைக்குப் போக முடியுமா என்று சுவரைப் பிடித்தபடி நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடிதத்தின் மேல் மகளின் பெயர்.

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மகள் வீட்டை விட்டுப் போய்ப் பதினாலு மாதம். இந்தப் பதினாலு மாதத்தில் அந்தப் பெயருக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட வந்ததில்லை. உறையைக் கிழித்தாள்.

கிளை நூலகத்திலிருந்து வந்திருந்தது. 'தங்கள் பெயரில் உள்ள நூல் கெடு தாண்டியும் திரும்பி வரவில்லை. நூல்: சூஃபி ஞானியரின் கவிதைகள், ஆங்கில மொழிபெயர்ப்பு. கடைசியாக நீட்டிக்கப்பட்ட தேதி: சென்ற மாதம் இருபத்தொன்று. வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் உறுப்பினர் நேரில் வர வேண்டும். தவறினால் பெயர் நீக்கப்படும்.'

சென்ற மாதம் இருபத்தொன்று!

அந்தப் புத்தகத்தை அவளால் மறக்க முடியுமா? வீட்டை இரண்டாக்கியதே அதுதான். பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. பாடப் புத்தகம் மேஜையில் கிடக்க, மகள் ஜன்னலோரம் இதைப் படித்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா வேலை முடிந்து வந்து, கிரீஸ் கையோடு அதைப் பார்த்தார். "ஏய் பூச்சி, இது சோறு போடுமா?" என்றார். புத்தகப்பூச்சி என்று அவர் வைத்த செல்லப்பெயர்தான் பூச்சி. "எல்லாமே சோறுதானாப்பா?" என்றாள் அவள். அவ்வளவுதான். புத்தகம் மூன்றாவது மாடி ஜன்னல் வழியாகப் பறந்தது.

எடுத்து வரக் கீழே இறங்கிப் போனவள் மேலே வரவில்லை.

மறுநாள் ஃபோனில் ஒரே ஒரு செய்தி வந்தது: 'தேட வேண்டாம்.' அப்புறம் ஃபோன் அணைந்துவிட்டது. "வயசு இருபத்திரண்டு. மேஜர்ம்மா. கையப் புடிச்சு இழுத்துட்டு வர முடியாது" என்று போலீஸ் ஃபைலை மூடிவிட்டது. அம்மா கீழே போய்த் தரையெல்லாம் தேடினாள். புத்தகம் இல்லை. அந்த ஒன்றை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வெறுங்கையோடு போகவில்லை, புத்தகத்தை எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறாள். கேட்டவர்களிடம் எல்லாம் இதையே சொன்னாள்.

இன்னொன்றும் செய்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. இருபத்தெட்டு நாளைக்கு ஒரு தடவை, பஸ் நிறுத்தத்துப் பெட்டிக் கடையில், மகளின் ஃபோன் நம்பருக்கு ரீசார்ஜ் செய்தாள். விட்டுவிட்டால் நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களாமே. பூச்சி என்றைக்காவது ஃபோனைத் திறந்தால் அது உயிரோடு இருக்க வேண்டாமா?

இப்போது இந்தக் கடிதம். புத்தகம் பூச்சியிடம் இருக்கிறது. போன மாதம் அதை நீட்டித்திருக்கிறாள். அப்படியென்றால் இதே ஊரில், பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் இருக்கிறாள்.

புருஷனிடம் சொல்ல வேண்டுமா? யோசிக்கவே இல்லை. காய்ச்சலில் கிடந்த ஒன்பது நாளும் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றிக்கு ஈரத்துணி போட்டவர்தான். நன்றி இல்லாமல் இல்லை. ஆனால் வீசின கை அந்தக் கை. அதைக் கண்டால் பெண் மறுபடியும் ஓடிவிடுவாள். கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

நூலகக் கவுன்ட்டரில் இருந்தவர் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். கடிதத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் படித்தார்.

"உறுப்பினர் நீங்களா?"

"என் பொண்ணு. இத நீட்டிக்க வர்றது யாருன்னு கொஞ்சம் சொல்ல முடியுமாங்க?"

"அது தெரிஞ்சா நான் ஏம்மா இங்க உக்காந்திருக்கேன், துப்பறியப் போயிருப்பேனே." சுவரோரப் பெட்டியைக் காட்டினார். "சீட்டு எழுதி அதுல போட்டுட்டுப் போயிடுவாங்க. சாயங்காலம் பெட்டியத் தொறந்து ரெஜிஸ்டர்ல ஏத்துவோம். மூஞ்சிய யாரு பாத்தா?"

அவள் நகரவில்லை. அவர் பெருமூச்சு விட்டு, இழுப்பறையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட சீட்டுக் கட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். இருபத்தொன்பது சீட்டு. எல்லாவற்றிலும் மகளின் பெயர், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில். பெரிய எழுத்தில் எழுதினால் எல்லார் கையும் ஒரே கைதான். ஆனாலும் அவளுக்கு அது பூச்சியின் கையாகவே தெரிந்தது.

"ஒரே புத்தகத்த இத்தன தடவ நீட்டிச்சா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?"

"வேற ஆள் கேட்டாத்தானேம்மா திருப்பி வாங்கணும்? இன்னொரு பிரதி அலமாரியில தூசி தின்னுக்கிட்டுக் கெடக்கு. இந்தத் தடவ கெடு தாண்டிடுச்சு, இனிமே சீட்டு செல்லாது. ஆளே வரணும்."

"வருவாளா?"

"பேர் வேணும்னா வருவாங்க."

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. மதியம் இரண்டு மணிக்கே சலவைக் கடையிலிருந்து கிளம்பிவிடுவாள். துணிகளில் நம்பர் டோக்கன் குத்துவது அவள் வேலை. அதனால் கடையில் எல்லாருக்கும் டோக்கனக்கா. "என்ன டோக்கனக்கா, காய்ச்சல் போச்சுன்னு பாத்தா காலேஜ் சேந்துட்டீங்களா?" என்றார் முதலாளி. "ஆமா, பட்டம் வாங்கிட்டு வந்து உங்க கல்லாவுல உக்காரப் போறேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடித்தாள்.

புத்தகம் எப்படியும் கவுன்ட்டருக்கு வந்தாக வேண்டும். அதனால் கவுன்ட்டரைப் பார்த்தமாதிரி, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். வாசலைப் பார்க்கத் தெம்பில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் கவுன்ட்டர்க்காரரின் முகத்தைப் பார்த்தாள்.

சும்மா உட்கார்ந்தால் கண்ணாடிக்காரர் முறைக்கிறார் என்று அலமாரியில் இருந்த இன்னொரு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டாள். அவளுடைய ஆங்கிலம் பாதி பள்ளிக்கூடத்தில் கற்றது, மீதி சட்டைக் காலரில் தைத்த சீட்டுகளில் கற்றது. எதைத் தண்ணீரில் போடலாம், எதைப் போடக்கூடாது என்கிற அளவு. அதை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினாள். முதல் நாள் ஒன்றும் ஓடவில்லை. இரண்டாம் நாள் ஒரு கவிதை, சிக்கெடுத்த நூல்போல நீண்டு வந்தது.

நீ போன நாளிலிருந்து நான் வாசலைப் பெருக்கவில்லை. உன் காலடித் தூசியும் போய்விட்டால் நீ வந்திருந்தாய் என்பதற்கு எனக்குச் சாட்சி ஏது?

அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். என்றைக்கோ வாழ்ந்த ஒரு ஞானி தன் கடவுளைப் பார்த்துப் பாடியது. முன்னுரையில் அப்படித்தான் போட்டிருந்தது. அவர் சொன்ன பாஷை வேறு, அதை இன்னொருத்தர் ஆங்கிலமாக்கியிருக்கிறார். இரண்டு முறை வெளுத்த துணி. சாயம் எவ்வளவு போயிருக்குமோ. ஆனாலும் நம் வீட்டு விஷயத்தை இந்த மனுஷருக்கு யார் சொன்னது? மகளின் தலையணை உறையைப் பதினாலு மாதமாகத் துவைக்காமல் வைத்திருப்பது அவளுக்கு மட்டும் அல்லவா தெரியும்!

பூச்சி இதைப் படித்திருக்கிறாள். எல்லாம் அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. பிறகு ஏன் போனாள்?

சனிக்கிழமை. ஏ.சி. குளிர் காய்ச்சல் உடம்புக்கு ஆகவில்லை என்று மகளின் சாம்பல் நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். குளிர் ஒரு சாக்கு. அம்மா இதை எடுத்து வைத்திருக்கிறாள் என்று பூச்சி பார்க்கட்டுமே என்பதுதான் நிஜம்.

நாலு மணி. ஐந்து மணி. பேப்பர் படிக்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஐந்தே கால். கண்ணாடிக்காரர் நாற்காலிகளை மேஜைக்கடியில் தள்ள ஆரம்பித்தார். அவளுக்கு எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. குனிந்து, விரல் வைத்து, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது.

காலடிச் சத்தம் நாலைந்து எட்டு வைத்து நின்றுவிட்டது. நின்ற இடத்திலிருந்து மூச்சு வாங்கும் ஓசை.

"பூச்சி…"

அவள் திரும்பினாள்.

கிரீஸ் படிந்த நீலச் சட்டை. வலது முழங்கையில் அவளே போட்ட ஒட்டுத் தையல். சட்டையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுகிறவள், இந்தச் சட்டையை இரண்டாம் முறையும் பார்த்தாள். அவர் முகத்தில் எரிந்த விளக்கு அவள் கண்ணெதிரே அணைந்தது. தன் முகத்திலும் அதேதான் நடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவர் கக்கத்தில் மழையில் ஊறி உப்பிய அந்தப் புத்தகம்.

"ஸ்வெட்டர்…" என்றார். "பின்னாலேர்ந்து பாத்தேன். அந்த ஸ்வெட்டர்."

"இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?"

"ரெண்டாவது மாடி சன்ஷேடுல கெடந்துச்சு. அவ போன ஏழாம் நாளு பாத்தேன். எறங்கி எடுத்தேன். கார்டு உள்ளேயே இருந்துச்சு."

"அப்ப அவ எடுத்துட்டுப் போகல."

"இல்ல."

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"நீ ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தியேம்மா, புக்க எடுத்துட்டுத்தான் போனான்னு. அதையும் நான் எப்படிப் புடுங்குவேன்?"

அவள் கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். அவர் படித்தார். எல்லாம் புரிந்துபோயிற்று. அவள் இத்தனை நாள் வேலையை விட்டுவிட்டு எங்கே போனாள், யாருக்காகக் காத்திருந்தாள் என்று.

"காய்ச்சல்ல இருந்தியா, அதுல தேதி மறந்துட்டேன். இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துச்சு" என்றார், மன்னிப்புக் கேட்கிறவர்போல.

கவுன்ட்டரில் அவர் புத்தகத்தை வைத்து, கார்டை வைத்து, "அவளோட அப்பா சார்" என்றார். கண்ணாடிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கிண்டல் எதுவும் வரவில்லை. "விதி இருக்குங்க. ஆளே வரணும்" என்று மெதுவாகச் சொன்னார்.

"பேர் மட்டும் இருக்கட்டும் சார். புக்க வேணா வாங்கிக்கங்க."

கண்ணாடிக்காரர் ஆறு மணி வரைக்கும் காத்திருந்தார். அந்த ஒன்றைத்தான் அவரால் செய்ய முடிந்தது. ஆறு அடித்ததும் புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டு, ரெஜிஸ்டரைத் திருப்பி, அளவுகோல் வைத்து, அந்தப் பெயர் மேல் ஒரே கோடு. கோடு கோணலாகாமல் போட்டார்.

படியில் இறங்கும்போது மெக்கானிக் பையிலிருந்து ஒரு கற்றை அட்டைகளை எடுத்தார். லிஃப்டைச் சோதித்துவிட்டு உள்ளே மாட்டுகிற அட்டைகள். பின்பக்கமெல்லாம் பென்சில் எழுத்து. ஆங்கில வார்த்தை, எதிரே தமிழ்.

"மொட்டை மாடி மோட்டார் ரூம்ல சாப்பாட்டு நேரத்துல உக்காந்து பாப்பேன். டிக்‌ஷனரி வச்சுக்கிட்டு. ஒரு பாட்டுக்கு பத்து நாள் ஆவுது. அப்படி என்னதான் இதுல படிச்சான்னு தெரிஞ்சா, எங்க போயிருப்பான்னும் தெரியும்னு நெனச்சேன்."

"எது வரைக்கும் படிச்சீங்க?"

"நாப்பத்தேழாம் பக்கம்."

"அவ எங்கேன்னு இருக்கா அதுல?"

"நாப்பத்தேழு வரைக்கும் இல்ல." அட்டைகளைச் சீராக அடுக்கிப் பைக்குள் வைத்தார். "இன்னும் நூத்திப் பன்னெண்டு பக்கம் இருந்துச்சு."

பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். எதிரே பெட்டிக் கடை. கடைக்காரன் இவளைப் பார்த்ததும் பழக்கத்தில் தலையாட்டினான். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ மனசு விட்றாதம்மா" என்றார் அவர் திடீரென்று. பதினாலு மாதத்தில் மகளைப் பற்றி அவர் இவ்வளவு பேசியதில்லை. "உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன், நீ ரொம்ப எதிர்பாத்துருவேன்னு. நான் அப்பப்ப அவ நம்பருக்கு அடிச்சுப் பாக்கறேன். ஆஃப்னுதான் வருது. ஆனா உபயோகத்துல இல்லன்னு ஒரு நாளும் வந்ததில்ல. ரீசார்ஜ் பண்ணலேன்னா மூணு மாசத்துல நம்பர் செத்துரும். எனக்குத் தெரியும், கேட்டு வச்சிருக்கேன். அப்ப யாரோ பண்றாங்கல்ல? அவளத் தவிர யாரு பண்ணப் போறா? எங்கயோ நல்லாத்தான் இருக்கா."

அவள் ஸ்வெட்டரின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். விரல்களுக்கு அது பிடிபடக் கொஞ்சம் நேரமாயிற்று.

"ஆமாங்க" என்றாள். "நல்லாத்தான் இருப்பா."

பஸ் வந்தது. ஏறுவதற்குமுன் அவள் பெட்டிக் கடையை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அடுத்த கெடு திங்கட்கிழமை.