எரிந்த கட்சி, எரியாத கட்சி

கொழும்பில் நடந்த இறுதிப் போட்டியின் இரண்டாவது ரவுண்டில் இன்பாஸ் எதிராளிக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். அவனுடைய குத்துச்சண்டையைப் பற்றி யார் எங்கே பேச்சை எடுத்தாலும் கடைசியில் அந்த ஒரு கணத்தில்தான் வந்து நிற்பார்கள். அதுவரை அவன் கைதான் ஓங்கியிருந்தது. இடது கை நீண்டு நீண்டு எதிராளியின் மூக்கில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. திடீரென்று இரண்டு கைகளையும் கீழே விட்டுவிட்டு, யாரோ கூப்பிட்டதுபோலப் பின்னால் திரும்பினான். அடி காதுக்குப் பின்னால் விழுந்தது. அவன் எழுந்தபோது நடுவர் எண்ணி முடித்திருந்தார்.

மறுநாள் அப்புத்தளையில் ரயிலை விட்டு இறங்கினால், அந்தக் காட்சி அவனுக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்திருந்தது. ஸ்டேஷன் வாசலில் த்ரீவீலுக்குள் இருந்தவர்கள் அவனைக் கண்டதும் போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார்கள்.

அது கார்த்திகை மாதம். மாசி பிறந்தும் பேச்சு ஓயவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் றொனியின் சலூன். அங்கே இன்பாஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே அவனைப் பற்றிப் பேசுவார்கள்.

"நல்ல கை வச்சிருந்தான்," என்றான் றொனி. இன்பாஸின் கன்னத்தில் நுரையைத் தடவிக்கொண்டே, பெஞ்சில் இருந்த தயாபரனைப் பார்த்துச் சொன்னான். "கை இருந்திச்சி. நெஞ்சுதான் இல்ல. ஊவா மாகாணத்துக்குள்ள புலி. கொழும்புல லைட்ட போட்டா பூன."

தயாபரன் த்ரீவீல் ஓட்டுகிறவன். இன்பாஸின் போட்டி எங்கே நடந்தாலும் ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவன். "இருந்திச்சி இருந்திச்சின்னு சொல்லாத. ஆளு உசிரோட ஒன் முன்னால ஒக்காந்திருக்கான்."

"நான் பாக்ஸர சொல்றேண்ணே. ஆள சொல்லல."

"இத்தன பேர அடிச்சவன் ஒரு அடிக்கு பயப்புடுவானா?"

"அடி விழுந்த பொறகு திரும்பியிருந்தா நான் ஏன் பேசப்போறேன்? விழுறதுக்கு முன்னாலயே திரும்பிட்டானே." கத்தி இன்பாஸின் தொண்டையில் மெதுவாக மேலேறியது. "ஆடாத தம்பி."

அந்த மாதம் இன்பாஸ் குடியிருந்த ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில் காமன் கம்பம் நட்டிருந்தார்கள். காமன் பண்டிகையில் லாவணி பாடும்போது இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததும் மன்மதன் எரிந்து சாம்பலாகிவிட்டான் என்று பாடுகிறவர்கள் எரிந்த கட்சி. எரியவில்லை என்று பாடுகிறவர்கள் எரியாத கட்சி. இந்த வருடம் இளவட்டங்கள் அந்தப் பெயர்களை இன்பாஸுக்கு வைத்துவிட்டார்கள். அவன் முடிந்துபோனான் என்பவர்கள் எரிந்த கட்சி, றொனி அதற்குத் தலைவர். இன்னும் இருக்கிறது என்பவர்கள் எரியாத கட்சி. அதில் ஆள் குறைந்துகொண்டே வந்தது.

ஏன் திரும்பினான் என்பதை இன்பாஸ் யாரிடமும் சொல்லவில்லை. ரிங்குக்குள் நின்றபோது, அவனுக்கு மிக அருகில், பின்னாலிருந்து அவன் அம்மா கூப்பிட்டாள். "இன்பாசு." தொண்டை கட்டி, நடுவில் உடைந்துபோன குரல். ஆனால் அம்மா பாக்கியலெட்சுமி அன்றைக்கு மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தொண்டையும் கட்டியிருக்கவில்லை.

மலையில் பனி இறங்கிவிட்டால் பக்கத்து நிரையில் நிற்கிறவளைக் கூடப் பார்க்க முடியாது. அதனால் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி மூன்று தடவை கூப்பிடுவார்கள். முதல் குரலுக்கும் இரண்டாம் குரலுக்கும் யாரும் திரும்புவதில்லை. பனிக்குள் கூப்பிடுவது மனுசிதானா என்று தெரியாது, மற்றது எதுவானாலும் மூன்றாம் தடவை கூப்பிடாது என்பது அவர்கள் கணக்கு. நடக்கப் பழகும் முன்பே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிடுவார்கள். இன்பாஸ் முதல் குரலுக்கே திரும்பிவிட்டான். அதற்குப் பிறகு கையுறையை மாட்டினாலே அவன் காது முதுகுப்பக்கம் போய்விடுகிறது. குத்துப்பையை அடித்துக்கொண்டிருக்கும்போதே கை தாழ்ந்துவிடுகிறது. றொனி சொல்வதுதான் உண்மையோ, பயத்துக்குத்தான் தானாக ஒரு குரலைக் கொடுத்துவிட்டோமோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மகனின் தோசம் கழிய அவன் மன்மதன் வேடம் கட்டுவதாக பாக்கியலெட்சுமி நேர்ந்துகொண்டாள். "அவன் ஏற்கனவே எரிஞ்சவன்தானே, வேசமே தேவயில்ல," என்று லயத்து வீடுகளில் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை எரிப்பு. மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, எழுப்புதல்.

காப்புக் கட்டிய பிறகுதான் பதுளையிலிருந்து பிலிப்பு சேர் போன் எடுத்தார். அவனுக்குக் குத்துச்சண்டை பழக்கியவர் அவர்தான்.

"தேசிய அணிக்கு ஆள் எடுக்கிறாங்க. சனிக்கெழம பகல் பதுளையில போட்டி. நீ வரணும்."

"சேர், வெள்ளிக்கெழம என்னய எரிக்கிறாங்க."

"நான் வேதக்காரன் தம்பி, ஒங்க காமன பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. சனிக்கெழம ரிங்குல நீ இல்லன்னா இதோட முடிஞ்சிச்சி. அடுத்த வருசம் ஒம் பேரு யாருக்கும் ஞாபகம் இருக்காது. அந்த வீடியோ மட்டுந்தான் இருக்கும்."

கூத்து பழக்கும் வீரய்யா மாஸ்டர் விசயத்தைக் கேட்டதும் வெற்றிலையைத் துப்பினார். "எரிஞ்சவன் எழுப்புற வரைக்கும் தோட்டத்து எல்லைய தாண்டக்கூடாது."

"தாண்டினா என்ன ஆகும் மாஸ்டர்?"

"தெரியாதுப்பா. யாரும் தாண்டிப் பாத்ததில்ல."

பாக்கியலெட்சுமி தடுக்கவில்லை. அடுப்பைப் பார்த்தபடி, "ஞாயித்துக்கெழம நான் கூப்புடுறப்ப இங்க இருப்பியா?" என்று மட்டும் கேட்டாள். எழுப்பும்போது மன்மதனின் பெயரைச் சொல்லி எழுப்புவதில்லை அந்தத் தோட்டத்தில். வேடம் கட்டியவனைப் பெற்றவள் பின்னால் நின்று அவன் சொந்தப் பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட வேண்டும். படுத்திருப்பவன் மூன்றாவதுக்குத்தான் திரும்ப வேண்டும்.

"இருப்பேம்மா," என்றான்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் கம்பத்துக்குத் தீ வைத்தார்கள். வைக்கோல் சடசடவென்று பிடித்தது. முகத்தில் ரோஸ் பவுடரும் தலையில் காகிதக் கிரீடமுமாக இன்பாஸ் பழக்கியபடியே சரிந்தான். வெள்ளைத் துணியால் மூடினார்கள். ரதி வேடக்காரன் ஒப்பாரி எடுக்க, பெண்களும் சேர்ந்து அழுதார்கள். வேடத்துக்கு அழுவதாகத் தெரியவில்லை. அம்மாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. பிறகு அதுவும் தேய்ந்தது. தப்பு மேளம் அடிப்பது அடுத்த மலையில் கேட்பதுபோல ஆகி, நின்றது. துணிக்கு வெளியே கைகள் இன்னும் அடித்துக்கொண்டிருப்பதை அவன் நிழலாகப் பார்த்தான். சத்தந்தான் இல்லை.

சனிக்கிழமை காலை பதுளை பஸ்ஸில் கண்டக்டர் அவனுக்கு முன்னாலும் பின்னாலும் இருந்தவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு போனான். அவனிடம் கேட்கவில்லை. பண்டாரவளையில் ஏறிய ஒரு பெண் காலி இடம் என்று நினைத்து அவன் மடியில் பையை வைத்தாள். பிறகு பார்த்துவிட்டு, சாரி கேட்காமல், பையை எடுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

பதுளை மண்டபத்தில், காப்புக் கயிற்றை அவிழ்க்காமல் அதற்கு மேலேயே பிலிப்பு சேர் கையில் துணி சுற்றினார். அவருடைய வாய் அசைவது தெரிந்தது. என்ன சொல்கிறார் என்பது தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல வந்தது.

எதிரே நின்றவன் தியத்தலாவைப் பக்கத்துப் பையன், பலசாலி. அவன் அடிகள் விழுந்தன. விலாவில், தாடையில், வயிற்றில். இன்பாஸ் அவற்றைப் பார்த்தான், அவ்வளவுதான். வலி வரவில்லை. முதுகுக்குப் பின்னால் எந்தக் குரலும் இல்லை. காது அங்கே போகவுமில்லை. இடது கை தாழவேயில்லை. மூன்றாவது ரவுண்டில் பையன் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பின்னால் பின்னால் நடந்தான். நடுவர் போட்டியை நிறுத்தினார். பெஞ்சுகளில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வாயைத் திறந்து கத்தினார்கள். மண்டபம் பனி இறங்கிய மலையைப் போல அமைதியாக இருந்தது.

கையுறையைக் கழற்றிக் கைகொடுக்க வந்த பையன், இன்பாஸின் விரல்களைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டான். உடை மாற்றும் அறையில் பிலிப்பு சேர் துணியை அவிழ்த்தார். அது கட்டியபோது இருந்ததுபோலவே உலர்ந்து கிடந்தது. வியர்வையே இல்லை. சந்தேகத்தோடு மணிக்கட்டில் பெருவிரலை வைத்துப் பார்த்தார். விரலைக் கொஞ்சம் நகர்த்தினார். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். பிறகு கையை அவன் மடியிலேயே வைத்துவிட்டு, சிலுவைக்குறி போட்டுக்கொண்டு வெளியே போனார்.

திரும்பும் வழியில் தயாபரனின் த்ரீவீலில், போட்டி பார்க்க வந்திருந்த றொனியும் ஏறிக்கொண்டான். இருவரும் பேசுவது இன்பாஸுக்கு அரைகுறையாகக் கேட்டது.

"நான் அப்பவே சொன்னேன்ல அண்ணே, இவன் எரியாதவன்னு!"

"நீ எங்கடா சொன்ன? நாக்குல எலும்பு இருக்கா ஒனக்கு?"

"பழசெல்லாம் விடுண்ணே. மூஞ்சிய பாத்தியா, ரிங்குல? அடி வாங்குறான், இமைக்கக்கூட இல்ல. இந்த மாதிரி ஒருத்தன் இந்த மலநாட்டுலயே வந்ததில்ல." றொனி திரும்பி, போனில் அவன் முகத்தைப் படமெடுத்தான். "தம்பி, இப்புடியே இருந்துரு. மாறிராத. கொழும்புல எவனும் ஒன்னய தொட முடியாது."

இப்படியே இருந்துவிட முடியும் என்பது இன்பாஸுக்கும் தெரிந்திருந்தது. வீட்டில் அம்மா போட்ட சோறு மண்போல இருந்தது. பசியும் இல்லை. பரவாயில்லை என்று தோன்றியது. நாளைக்கு அவள் கூப்பிடும்போது திரும்பாமல் கிடந்தால் போதும். கொழும்பு அவனுக்குத்தான். கார்த்திகை மாதத்து வீடியோவை யாரும் திரும்பப் பார்க்கமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பனி கம்பத்தடி வரை இறங்கியிருந்தது. இன்பாஸை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வெள்ளைத் துணியைப் போட்டார்கள். சாம்பல் அவன் முகத்துக்கு நேரே கிடந்தது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். மன்மதனைப் பார்க்க வந்தவர்களைவிடப் பதுளையில் ஜெயித்தவனைப் பார்க்க வந்தவர்கள் அதிகம். துணிக்கு வெளியே போன் வெளிச்சங்கள் வரிசையாகத் தெரிந்தன. மாஸ்டர் பாடினார். தப்பு அடித்தார்கள். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.

பிறகு, முதுகுக்குப் பின்னாலிருந்து, மிக அருகில், ஒரு குரல்.

"இன்பாசு."

வெள்ளிக்கிழமை அழுத அழுகையில் தொண்டை கட்டி, நடுவில் உடைந்துபோன குரல். அவனுக்கு அதே இடத்தில், அதே மாதிரி, முதுகு சில்லிட்டது. கார்த்திகையில் கொழும்பில், விளக்குகளுக்கு நடுவே, அவன் கேட்டது இந்தக் குரலைத்தான். இந்த உடைசலைத்தான். இன்றைக்கு இங்கே கூப்பிடுகிறவளின் குரல், எப்படியோ, அன்றைக்கே அங்கே கேட்டிருக்கிறது. அவன் பயந்து திரும்பவில்லை. பெற்றவள் எழுப்பியதற்குத் திரும்பியிருக்கிறான்.

"இன்பாசு."

எரியாத கட்சிக்காரர்கள் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். இப்படியே கிடக்கலாம். வலியில்லை, பயமில்லை. அவர்கள் கொண்டாடுகிறவன் இந்தத் துணிக்குள் கிடப்பவன்தான். இன்னும் ஒரு குரல்தான் மிச்சம். அதற்கு அசையாவிட்டால் அவள் நான்காவது தடவை கூப்பிடமாட்டாள். கூப்பிடவும் கூடாது. அம்மா மூச்சை இழுப்பது கேட்டது. அந்த மூச்சில் இருமல் இருந்தது.

"இன்பாசு."

திரும்பினான்.

நேற்று விழுந்த அடிகள் அத்தனையும் அந்தக் கணத்தில் வந்து விழுந்தன. விலா நொறுங்கியதுபோல வலித்தது. தாடை வீங்கி வாயெல்லாம் இரத்தம் சுவைத்தது. தப்பொலியும் குலவையும் இருமலும் பிள்ளை அழும் சத்தமும் ஒன்றாகக் காதுக்குள் புகுந்தன. துணியைத் தள்ளிவிட்டு, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு, சாம்பலில் புரண்டு கத்தினான். பெண்கள் பின்வாங்கினார்கள். மாஸ்டரின் பாட்டு நின்றது.

போன் வெளிச்சங்கள் கொஞ்ச நேரம் அவன் மேலேயே இருந்தன. அப்புறம் றொனியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பாத்தியாண்ணே. பயந்துட்டான்."

தயாபரன் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

பாக்கியலெட்சுமி மண்டியிட்டு, மகனின் மணிக்கட்டை, காப்புக் கயிற்றோடு சேர்த்து இறுகப் பிடித்தாள். விடவில்லை.

"வலிக்குதாப்பா?"

"வலிக்குதும்மா," என்றான் இன்பாஸ். "ரொம்ப வலிக்குது."