குமிழி விடாத தொட்டி

மூன்று நாளாகப் பல்பு எரியவில்லை. ஏன் என்று விமலகுமாரிக்கு ஒரு எழவும் விளங்கவில்லை.

குன்னத்துகாலில் ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகை ஒன்று வைத்திருந்தாள். ரப்பர் பாலில் ஆசிட் விட்டு உறையவைத்தபின் மிஞ்சுகிற புளித்த தண்ணீர் பக்கத்து வீட்டுக் கருணாகரனின் கிணற்றோரம் ஓடும். நாற்றம் தாங்காது. அவர் பஞ்சாயத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். கொட்டகையைப் பூட்டிவிடுவார்களோ என்ற பயத்தில் விமலா மூடிபோட்ட தொட்டி ஒன்றைக் கட்டி, ஓடையை அதற்குள் திருப்பிவிட்டு, சாணம் கரைத்து ஊற்றினாள். சாணத்திலுள்ள கிருமிகள் புளிப்பைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும். அவை விடுகிற வாயுவில் ஜெனரேட்டர் ஓடி, பல்பு எரியும். நாலு மாதம் ஜோராக எரிந்தது. ஒரு நாளும் மட்டம் போடாத வேலைக்காரர்கள் என்று அந்தக் கிருமிகளைப் பற்றி அவள் பெருமையடித்துக்கொள்வாள்.

வியாழக்கிழமை பஞ்சாயத்திலிருந்து பார்க்க வருகிறார்கள். தண்ணீர் தெளியாவிட்டால் பூட்டுதான். இன்றைக்குச் செவ்வாய்.

மெக்கானிக் சுவாமிதாஸ் எஞ்சினைக் கழற்றி மாட்டிவிட்டுக் கையை விரித்தார். "இதுக்கு ஒரு கேடும் இல்ல. கேஸ் வந்தாத்தானே ஓடும்?"

மூடியில் காதை வைத்துப் பார்த்தாள். ஒரு குமிழிச் சத்தம் இல்லை. குழாயில் அடைப்பில்லை, மூடியில் கீறல் இல்லை. பின்னே என்னதான் ஆயிற்று? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. கடைசியில் ஒன்றுதான் தோன்றியது: கருணாகரன் எதையோ கொண்டு கொட்டியிருக்கிறார்.

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். அவர் பசுவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, எனக்க தொட்டியில என்னத்த கொட்டினிய?"

"நானா? எனக்க கிணத்து வெள்ளம் இப்பத்தான் நாத்தம் போயி வாயில வைக்க கொள்ளாம்னு ஆயிருக்கு. நான் என்னத்துக்குக் கொட்டுதேன்?" என்றார். "சனிக்கிழமை ஒனக்க வீட்டுல ஜெபக்கூட்டம் இருந்துல்லா? அன்னைக்கு பிளீச்சிங் பவுடர் மணம் இஞ்ச வரைக்கும் அடிச்சு."

விமலா திரும்பித் தன் ஓடையைப் பார்த்தாள். போதகர் வருகிறார், நாற்றம் கூடாது என்று முற்றம், கொட்டகை, ஓடை எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவியது அவள்தான். அந்த ஓடை போய்ச் சேருவது தொட்டியில். கிருமிகளைக் கொல்லும் என்று பாக்கெட்டிலேயே போட்டிருந்தது. அதை வாசித்துவிட்டுத்தான், இருக்கட்டும் என்று இன்னும் ஒரு பிடி போட்டாள்.

வெட்கத்தில் காது சுட்டது. முதலில் எதைக் கேட்பது, மன்னிப்பையா சாணத்தையா என்று தெரியவில்லை.

"இனி புதுசா சாணம் விட்டாலும் உயிர் பிடிக்க ஒரு மாசம் ஆவும்," என்றாள் தரையைப் பார்த்து. "வியாழக்கிழமை பூட்டிருவாவ, அண்ணா."

கருணாகரன் பசுவின் முதுகைத் தேய்த்தார்.

"பராதி குடுத்தது நானாக்கும். ஒரு மாசம் பொறுக்கணும்னு நானே போய் சொல்லுதேன்." தொழுவத்து மூலையிலிருந்த கூடையை எடுத்து நீட்டினார். "அள்ளு. அடுத்த ஜெபத்துக்கு வெறும் வெள்ளம் விட்டுக் கழுவு, கேட்டியா. நாறினா நாறட்டு."

சண்டை பிடிக்க வந்த வீட்டுச் சாணத்தை விமலா குனிந்து இரண்டு கையாலும் அள்ளினாள்.