கண்ணாடிக்குள் இருந்த இடது கைக்காரி

"புதுப் பொண்ணு திங்கட்கிழமை வர்றா. உன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துடலாமாக்கா?"

வருஷத்தின் கடைசி வேலைநாள். தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டே தங்கை கேட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவளும் சேர்ந்து ஆரம்பித்த முடி திருத்தும் கடை இது. ஜன்னலோர நாற்காலி என்னுடையது.

வருஷத் தொடக்கத்தில் மாடிப்படியில் சறுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு நொறுங்கியது. எலும்பு கூடியது, நரம்பு கூடவில்லை. கட்டைவிரல் இன்றைக்கும் என் சொல் கேட்பதில்லை. அன்றிலிருந்து கடையின் பின்பக்கத்தில் தலை அலசிவிடுவதுதான் என் வேலை. தொட்டியில் சாய்கிறவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். யார் பார்வையும் படாத அந்த மூலை எனக்குப் பிடித்துப்போக ஆரம்பித்தது. வலியைவிட அதற்குத்தான் பயந்தேன்.

சாதாரணக் கத்தரியை இடது கையில் பிடித்தால் முடி வெட்டுப்படாது. இரண்டு அலகுக்கும் நடுவே மடிந்து நழுவிவிடும். அதனால் இடது கைக்கென்றே செய்த கத்தரி ஒன்றை வாங்கினேன். முடியை இடுக்கிப் பிடிக்க வலது கையில் இரண்டு விரல் போதும். சோதனைக்குத் தலை கொடுத்தவர் என் வீட்டுக்காரர்.

"என்ன மாமா, தலையில எலி புகுந்துடுச்சா?" என்று தங்கை கேட்டாள்.

"வீட்லயே வளர்க்கிறோம்மா," என்றார். அந்தத் தலையோடு, தொப்பிகூடப் போடாமல், வேலைக்குப் போய் வந்தார் மனிதர். தங்கைக்கு அது என் பொழுதுபோக்காகத்தான் தெரிந்தது.

கை வெகுநாள் தடுமாறியது. காதோரம் போகவேண்டிய கத்தரி பிடரிக்குப் போனது. ஒருநாள் அலுத்துப்போய், வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷமும் அதற்குள் ஒருத்தி இடது கையால்தானே வெட்டிக்கொண்டிருந்தாள்! அவள் முழங்கை எவ்வளவு உயரும், தோளை எப்போது தளர்த்துவாள், எல்லாம் எனக்கு மனப்பாடம். அப்புறம் அவளை நினைத்து நினைத்துச் செய்தேன். வீட்டுக்காரர் தலை மெல்ல மெல்ல மனுஷத் தலையானது.

"கொடுக்க முடியாது," என்றேன் தங்கையிடம்.

துடைப்பம் நின்றது. "கோபப்படாதேக்கா. உன்னைக் கஷ்டப்படுத்த வேண்டாமேன்னுதான்..."

"கஷ்டமெல்லாம் பட்டாச்சு. வா, என் நாற்காலியில உட்காரு. உன் முடியை வெட்டறேன்."

"அய்யோ! நாளைக்கு நான் நாலு பேர் முன்னால தலைகாட்ட வேண்டாமா?"

"தலைகாட்டற மாதிரியே வெட்டறேன். உட்காருடி."

தங்கைக்குத் தன் முடி என்றால் உயிர். தோளுக்கு மேலே ஒரே நேர்கோடாக நிற்கும் வெட்டு. ஒரு பிசகு போதும், காட்டிக்கொடுத்துவிடும். கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். அவசரப்படாமல் வெட்டினேன். கத்தரியின் சத்தம் மட்டும் கேட்டது. பாதியில் அவள் கண்ணைத் திறந்ததையும் கவனித்தேன்.

முடித்ததும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கொத்தை இழுத்து மோவாய்க்குக் கீழே சேர்த்துப் பார்த்தாள். வேலை பழகுகிறவர்களை அவள் சோதிக்கிற விதம் அது.

"இடப்பக்கம் ஒரு நூலளவு நீளமா இருக்கு."

சரிசெய்தேன். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள், குற்றம் கண்டுபிடித்தே தீருவது என்பதுபோல. ஒன்றும் அகப்படவில்லை. அக்கா பாவம் என்று விட்டுவிடவில்லையே, அதுவே எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது.

"ரொம்ப மெதுவா வெட்டறே."

"ஆமா. வேகம் அடுத்த வருஷத்துக்கு."

"அப்போ பழையபடி ஆயிடுவேன்னு சொல்லு."

"பழையபடி எதுக்கு? பழையவளுக்கு ஒரு கைதான் தெரியும்." சொன்ன பிறகுதான் அதை நான் நிஜமாகவே நம்புவது எனக்குத் தெரிந்தது. "இன்னொண்ணும் இருக்கு. யாராவது வந்து 'பாவம், பாத்து செய்யுங்க'ன்னா இனிமே அசடு மாதிரி சிரிக்கமாட்டேன். 'உட்காருங்க, வெட்டறேன்'னு சொல்லுவேன்."

"இப்ப என்கிட்ட சொன்ன மாதிரி."

"ஆமா. முதல் ஆள் நீதான்."

அவள் கழுத்தில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டாள். போனை எடுத்துப் புதுப் பெண்ணை அழைத்தாள்.

"திங்கட்கிழமை கரெக்டா வந்துடும்மா. ஆனா ஜன்னலோர இடம் காலியில்லை. அங்க எங்கக்கா நிக்கிறா. உனக்குச் சுவரோரமா வேற நாற்காலி போடறேன்... ஆமா, அதே அக்காதான். இடது கைதான். ஏன், வந்து பாரேன்!"

அந்தக் குரலில் இருந்த பெருமையை அவள் மறைக்க முயலவில்லை. நானும்தான்.