ஏழு கிலோ

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், புடவைக் கடையின் மேல்மாடி அறையில் ஒன்பது பெண்கள் காலை எட்டு மணியிலிருந்து காத்திருந்தார்கள். நாற்காலிகள் ஆறுதான் இருந்தன. றீட்டா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். பத்தரைக்கு நப்ரீஸ் வந்தார். குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் கொழும்பு ஏஜென்சிக்குப் பதுளையில் அவர்தான் ஆள். பாஸ்போட்டுகளை மேசையில் அடுக்கி வைத்துவிட்டு, கொடுப்பதற்கு முன் விமானத்தில் நடந்துகொள்ள வேண்டிய முறையைச் சொன்னார்.

வாங்கியிருப்பது மலிவான டிக்கெட். பெரிய பெட்டி கொண்டுபோக முடியாது. ஆளுக்கு ஒரு கைப்பை மட்டும்தான். எண்ணெய், ஊறுகாய், கத்தரிக்கோல் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. தெரியாதவர்கள் தரும் பொதியைக் கையால் தொடக் கூடாது. விமானத்துக்குள் வழியை மறித்துக்கொண்டு நிற்காமல், பையைத் தலைக்கு மேலுள்ள தட்டில் வைத்துவிட்டு உடனே உட்கார வேண்டும். அங்கே வேறொருவருடைய பை இருந்தால் அதை நசுக்கக் கூடாது. விமானம் முழுதாக நின்ற பிறகுதான் எழும்ப வேண்டும்.

"ஏழு கிலோ எண்டா ஏழு கிலோதான்," என்றார். "அங்க நிண்டு அழுதாலும் விட மாட்டாங்க. ஊரிலேயே நிறுத்துக்கொண்டு போங்க."

றீட்டாவின் வீட்டில் தராசு இல்லை. லுணுகலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் அவள் இருந்த லயத்து வரிசை வீடுகள் எதிலும் இல்லை. தோட்டத்தில் இருந்த ஒரே தராசு கொழுந்து நிறுக்கும் தராசுதான். பதினாறு வருடமாக அவள் பறித்த கொழுந்தெல்லாம் அதில்தான் தொங்கியது. ஒரு நாளில் பதினெட்டுக் கிலோ பறித்தால் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். புருஷன் யேசுரத்தினம் நிழல் மரம் வெட்டப் போய் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட பிறகு, அவளுடைய பேர்தான் வீட்டுக்கு வருமானம். அதிலும் மாதத்தில் பாதி நாள் அரைப்பேர்தான். எவ்வளவு விரைவாகப் பறித்தாலும் பதினாறு, பதினாறரை என்றே வந்து நின்றது. முப்பத்தாறு வயதில் கை சோர்ந்துவிட்டது என்று அவளே நினைத்தாள். அதன் பிறகுதான் நப்ரீஸைத் தேடிப் போனாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், பையைத் தலையில் வைத்துக்கொண்டு மடுவத்துக்குப் போனாள். கொழுந்து நிறுக்கும் அந்தத் தகரக் கொட்டகையில் அன்றைய நிறுவை முடிந்திருந்தது. கூட்டாளி சிவசக்தி வெறும் சாக்கை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுக்கும் வேலை பார்த்த நிமலன் பையை வாங்கினான். கொக்கியில் மாட்டுவதற்கு முன் கையில் ஒரு முறை தூக்கிப் பார்த்தான். மாட்டினான். முள் ஆடி ஆடி ஏழில் நின்றது.

"அளந்து வச்ச மாதிரி இருக்கு," என்றாள் சிவசக்தி.

நிமலன் வெளியே பார்த்தான். பேர் எழுதும் கணக்கப்பிள்ளை லொறிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். அவன் குரலைத் தாழ்த்தி, "ரெண்டு கிலோவ எடுத்துடுங்கக்கா," என்றான்.

"ஏன் தம்பி? ஏழுதானே காட்டுது?"

"காட்டுது. இருந்தாலும் எடுத்துடுங்க."

றீட்டா சிரித்தாள். விமானத்தை இவன் எங்கே கண்டான் என்று நினைத்துக்கொண்டாள். எடுப்பதற்கும் பையில் வேண்டாத சாமான் ஒன்றும் இல்லை. நாலு ஹவுஸ்கோட், ஒரு ஸ்வெட்டர், வேதப்புத்தகம், செருப்பு ஒரு சோடி, வறுத்து அரைத்த மிளகாய்த்தூள், நெத்தலிக் கருவாடு, தலைவலித் தைலம், யேசுரத்தினம் சந்தையில் வாங்கி வந்த போர்வை. அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறி, பின்னேரம் மூன்று மணிக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வரிசையில் நின்றாள். முன்னால் நின்ற டிலானி வெலிமடைக்காரி. குவைத்துக்கு இது அவளுக்கு இரண்டாம் பயணம். அவளுடைய பை ஆறு புள்ளி ஒன்பது காட்டியது. அடுத்து றீட்டா தன் பையைத் தட்டில் வைத்தாள்.

எட்டு புள்ளி நாலு.

கவுண்டரில் இருந்த பெண் சிங்களத்தில் எடை கூட என்றாள். ஒரு கிலோ நானூறு கிராம் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும். றீட்டா திரையைப் பார்த்தாள். தோட்டத்தில் நேற்றுத்தான் நிறுத்தேன், சரியாக ஏழு இருந்தது, உங்கள் தராசில்தான் ஏதோ பிழை என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். அந்தப் பெண் தராசின் பக்கத்தில் ஒட்டியிருந்த முத்திரையைப் பேனாவால் தட்டிக் காட்டினாள். றீட்டா நகரவில்லை. பக்கத்துக் கவுண்டரில் ஒரு தடவை வைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் அந்தக் கவுண்டர்ப் பையன் சலித்துக்கொண்டே பையைத் தன் தட்டில் வாங்கி வைத்தான்.

எட்டு புள்ளி நாலு.

டிலானி அவளை வரிசையை விட்டு ஒதுக்கிக் கூட்டிப்போனாள். பையைத் திறந்து கடகடவென்று சாமான்களை வெளியே எடுத்தாள்.

"ஹவுஸ்கோட்டுல ரெண்ட உடுத்தியிருக்கிறதுக்கு மேல மாட்டுங்க. ஸ்வெட்டரையும் போடுங்க. பையத்தான் நிறுப்பாங்க, ஆள நிறுக்க மாட்டாங்க."

றீட்டா ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டாள். வியர்த்தது. அவள் மனம் உடுப்பில் இல்லை.

"ஒங்க போன்ல கணக்குப் போடலாமா?" என்று கேட்டாள். "ஏழுன்னு காட்டினது எட்டு புள்ளி நாலு. அப்ப பதினாறுன்னு காட்டினா எத்தன?"

டிலானிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் போட்டுப் பார்த்தாள். "பத்தொன்பது புள்ளி ரெண்டு வருது. எதுக்கு?"

றீட்டா திறந்த பைக்கு முன்னால் குந்தியபடியே இருந்தாள். அரைப்பேர் விழுந்த நாட்களில் கணக்கப்பிள்ளை என்ன சொல்லி ஏசுவார் என்பது அவளுக்கு வரி பிசகாமல் நினைவிருந்தது. ஒரு தடவை, வீட்டில் தூங்கிவிட்டு வேலைக்கு வருகிறாயா என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டிருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கை சோர்ந்துவிட்டது என்று யேசுரத்தினத்திடம் சொல்லி அழுததும் அன்றைக்குத்தான்.

மறுபடியும் நிறுத்தபோது இன்னும் ஐந்நூறு கிராம் கூடுதலாக இருந்தது. மிளகாய்த்தூளையும் கருவாட்டையும் எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். அவளுக்குப் பின்னால் வந்த கோட்டுக்காரர் சக்கரம் வைத்த பெட்டி ஒன்றும் தோள்பை ஒன்றும் வைத்திருந்தார். கவுண்டர்ப் பெண் எழுந்து எட்டிப் பார்த்து, இரண்டுக்கும் அட்டை கட்டிக் கொடுத்தாள். நிறுக்கவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்ததும் றீட்டா போனை எடுத்தாள். யேசுரத்தினத்திடம் சொன்னால் போகிற நேரத்தில் எதற்கு வம்பு என்பார். சிவசக்திக்குப் போன் எடுத்தாள்.

"நம்ம தராசு பொய் சொல்லுது சிவசக்தி," என்றாள். "ஏழுக்கு ஒன்ற கிலோகிட்ட திங்குது. நான் கண்ணால பாத்துட்டேன்."

மறுமுனையில் சிவசக்தி, "நெசமாவா?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை சிவசக்தி லுணுகலையில் மர்ஸூக் கடைக்குப் போய், சீல் பிரிக்காத பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்றைக் கேட்டாள். பிரிக்காமல் திருப்பிக் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி மர்ஸூக் கொடுத்தார். அன்று சாயங்காலம் அவளுடைய முறை வந்தபோது, கொழுந்துச் சாக்குக்குப் பதிலாக அரிசிப் பையைத் தூக்கி நிமலனிடம் நீட்டினாள். நிமலன் பையையும் அவளையும் பார்த்தான். கொக்கியில் மாட்டினான்.

முள் எட்டைத் தாண்டிக் கொஞ்சத்தில் நின்றது.

வரிசையில் நின்ற நாற்பது பெண்களும் நெருங்கி வந்து பார்த்தார்கள். கணக்கப்பிள்ளை கொப்பியை மூடினார்.

"தராசுக்கும் வயசாகும்," என்றார். "ஸ்பிரிங் துருப்புடிச்சு இறுகியிருக்கும். அதுக்கு நான் என்ன பண்ண?"

"எப்ப இருந்துங்க இறுகியிருக்கு?" என்று சிவசக்தி கேட்டாள்.

அவர் கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தார். அன்று யாரும் கொழுந்தைக் கொட்டவில்லை. சாக்குகளை அப்படியே மடுவத்தில் வைத்துவிட்டு லயத்துக்குப் போய்விட்டார்கள். அடுத்த இரண்டு நாளும் மலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் தொழிற்சங்கத் தலைவர் வேனில் வந்தார். தோட்டத் துரையோடு பங்களாவில் பேசிவிட்டு, புதுத் தராசு வரும் என்று வெளியே வந்து சொன்னார். இத்தனை நாளும் இழந்த பேர்ச் சம்பளத்தைப் பற்றிப் பெண்கள் கேட்டார்கள். தராசு எந்த நாளில் பழுதானது என்பதற்கு அத்தாட்சி இல்லை, இல்லாததை எப்படிக் கேட்பது என்றார்.

அந்த வாரமே நிமலனுக்குக் கடிதம் வந்தது. தராசைக் கவனமில்லாமல் கையாண்டு பழுதாக்கியதற்காக வேலையிலிருந்து நிறுத்தப்படுவதாக எழுதியிருந்தது. தராசு சரியில்லை என்று அவன் இரண்டு தடவை ஒபிசில் சொல்லியிருந்தான். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. அவன் வெலிமடைக்குப் போய் லீக்ஸ், கரட் மூட்டைகளை லொறியில் ஏற்றும் வேலையில் சேர்ந்தான்.

சிவசக்தி இதையெல்லாம் போனில் பேசிப் பதிவாக்கி குவைத்துக்கு அனுப்பினாள். எட்டு நாளைக்குப் பிறகுதான் றீட்டாவிடமிருந்து பதில் வந்தது. போனை வீட்டுக்காரம்மா வாங்கி வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மட்டும் கொடுப்பதாகச் சொன்னாள். நிமலனைப் பற்றி, "அந்தப் புள்ள அன்னிக்கே எனக்குச் சொல்லிச்சு. நான்தான் சிரிச்சேன்," என்றாள். அதோடு பதிவு முடிந்துவிட்டது.

மாதக் கடைசியில் புதுத் தராசு வந்தது. முள் இல்லை, சிவப்பு எண்கள். தலைவர் அதன் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை அறிவித்தல் ஒன்றை வாசித்தார். நிறுவை இப்போது திருத்தமாக இருப்பதால், இனி முழுப்பேருக்கு இருபத்திரண்டு கிலோ.

அன்று சாயங்காலம் தூறிக்கொண்டிருந்தது. சிவசக்தி முதல் ஆளாக நின்றாள். புதிதாக வந்த நிறுவைக்காரன் அவளுடைய சாக்கை மாட்டினான். எண்கள் ஓடி நின்றன. கணக்கப்பிள்ளை திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"நல்லா பாத்துக்கங்க. சரியா இருக்கா?"

இருபத்தொன்று புள்ளி ஆறு.

"சரியாத்தான் இருக்கு," என்றாள்.

அவர் அரைப்பேர் என்று எழுதினார். பின்னால் நின்ற பெண்கள் எட்டி அந்த எண்ணைப் பார்த்தார்கள். முதலில் ஒருத்தி வரிசையை விட்டு நகர்ந்தாள். பிறகு இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் வரிசையே இல்லை. மடுவத்தைச் சுற்றியிருந்த செடிகளுக்குள் இறங்கி, மங்கும் வெளிச்சத்தில், முற்றிய இலை பிஞ்சு இலை பாராமல் இரண்டு கையாலும் உருவிச் சாக்குக்குள் அடைத்துக்கொண்டிருந்தார்கள்.