அடுத்த நிமிடத்தைச் சொல்லும் பெட்டி

புருஷன் வீட்டை விட்டு வந்தபோது மைக் கொண்டுவந்தது ஒரே ஒரு சுவர்க்கடிகாரம். பாத்திரம் பண்டம், கட்டில், பீரோ எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு, கடிகாரத்தை மட்டும் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அந்த வீட்ல பொய் சொல்லாதது இது ஒண்ணுதான் அண்ணி," என்றாள். அண்ணி கதவை அகலத் திறந்தாள்.

மைக் என்பது பட்டப்பெயர். அவளுக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று ஒலிபெருக்கியில் சொல்கிற குரல் அவளுடையது. வீட்டில் உப்பு கேட்டாலும் அதே குரலில், அதே நிறுத்தங்களோடு கேட்பாள். கண்ணாடிக்கடை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன் வைத்த பெயர் அது, ஒட்டிக்கொண்டது. அண்ணனின் மனைவியான அண்ணி, லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன எதைக் கண்டாலும் மூடியைக் கழற்றிப் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

அந்தக் கடிகாரம் தானே நேரம் திருத்திக்கொள்கிற வகை. கையால் திருப்பி வைக்க அதில் குமிழே இல்லை. தொலைவில் ஒரு கோபுரத்திலிருந்து வானொலி அலையில் வருகிற நேரச் செய்தியைக் கேட்டு, அதன்படி முட்களை நகர்த்திக்கொள்ளும். மைக் முன்பு இருந்த ஊரில் செய்தி நன்றாகக் கேட்டது. இந்த ஊருக்கு அது எட்டவில்லை. ஆணியில் மாட்டியதும் இரண்டு முட்களும் பன்னிரண்டுக்குப் போய் ஒட்டிக்கொண்டு நின்றன. செய்தி வந்தால்தான் அசையும்.

"மணி தெரியணும்னா போன்ல பாரேன்," என்றான் அண்ணன்.

"மணி தெரியணும்னு நான் எப்ப சொன்னேன்?" என்றாள் மைக்.

வந்த புதிதில், அண்ணன் கடைக்குப் போகிறேன் என்று சொன்னால்கூட மைக் ஜன்னலருகே போய் நின்று பார்ப்பாள், அவன் கடைப் பக்கம்தான் திரும்புகிறானா என்று. கேட்டதையே இன்னொரு முறை கேட்டு, இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாள். மாதங்கள் போகப்போக அந்தப் பழக்கம் உதிர்ந்தது. இப்போது ஜன்னல் பக்கம் போவதில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் புருஷன் போன் செய்ய ஆரம்பித்தான். நான் மாறிட்டேன், வந்துடு என்றான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுகிறேன், முடிவைச் சொல் என்றான்.

மைக் சுவரைப் பார்த்துச் சிரித்தாள். "இதுக்கே இந்த ஊர் பிடிக்கல. இது ஓடற ஊருக்கே நானும் போயிடலாம்போல."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அண்ணிக்கு அது விளையாட்டாகப் படவில்லை. போகாதே என்று சொல்லிவிடலாம். அதை அண்ணி சொன்னால் புத்திமதியாகிவிடும். புத்திமதியை மைக் ஒரு காதில் வாங்கி ஒலிபெருக்கியில் திருப்பி அனுப்பிவிடுவாள். கடிகாரத்தை ஓட வைப்பது வேறு. அது தன் கைக்கு அடங்கிய வேலை.

கோபுரம் எட்டாவிட்டால் என்ன, கோபுரத்தை வீட்டுக்குள் கட்டிவிட்டால் போகிறது என்று முடிவு செய்தாள். பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த கரிய காந்தக் குச்சியை எடுத்துச் செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றினாள். அதுதான் ஆண்டெனா. கட்டைவிரல் அகலத்தில் ஒரு சின்னக் கணினிப் பலகை, கோபுரத்தின் அலைவரிசையிலேயே அந்தக் கம்பியில் மின்சாரத்தை முன்னும் பின்னும் ஆட்டும். சரியான நேரத்தைச் செயற்கைக்கோளிடமிருந்து வாங்க, ஜன்னல் விளிம்பில் ஒரு ஜி.பி.எஸ். வில்லை. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடக்கினாள். தகர டப்பா அலையை வெளியே விடாது என்பது பிறகுதான் உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினாள்.

ஞாயிறு மதியம் டப்பாவைக் கடிகாரத்துக்குக் கீழே அலமாரியில் வைத்தபோது, மைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன பேசும்?"

"பேசாது. இழுத்து ஒரே ஸ்வரம் பாடும், நம்ம காதுக்குக் கேக்காத ஸ்வரம். வினாடிக்கு ஒரு தடவை மூச்சு வாங்கும். சின்ன மூச்சுன்னா பூஜ்யம், கொஞ்சம் நீட்டி வாங்கினா ஒண்ணு. அந்தப் பூஜ்யத்தையும் ஒண்ணையும் கோத்தா மணி, நிமிஷம், தேதி எல்லாம் வந்துடும். கடைசி வினாடியில மூச்சே வாங்காது. அதுதான், செய்தி முடிஞ்சது, அடுத்த மூச்சுல முள்ளை வைன்னு அர்த்தம்."

"பக்கத்து வீட்டுக் கடிகாரமெல்லாம் சேர்ந்து ஓடப்போகுது."

"ஒரு முழத்துக்கு அப்பால கேக்காது. ரகசியம் பேசற அளவுக்குத்தான் சத்தம் வெச்சிருக்கேன்."

மைக் குனிந்து டப்பாவைப் பார்த்தாள். "அப்ப இது கோபுரம்தான் பேசுதுன்னு கடிகாரம் நம்பிக்கும். இதைப் போய் ஏமாத்தறீங்களே அண்ணி."

அண்ணிக்குச் சுருக்கென்றது. அவள் அப்படி யோசித்திருக்கவில்லை. "யார் சொல்றாங்கங்கறதுல வேணா பொய் இருக்கு. சொல்றதுல இல்ல," என்றாள். சொல்லும்போதே அது போதுமான பதிலா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

கடிகாரத்தின் முதுகில் இருந்த பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு முறை கேட்டு நம்பிவிடுகிற கடிகாரம் இல்லை அது. அடுத்தடுத்து வரும் செய்திகள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று ஒத்துப்பார்க்கும். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் மைக் இருந்த மாதிரியே, என்று அண்ணி நினைத்துக்கொண்டாள். திடீரென்று முட்கள் உயிர்பெற்றன. பெரிய முள் சரசரவென்று சுற்றிச் சுற்றி வந்தது, சின்ன முள் அதன் பின்னாலேயே ஊர்ந்தது, இரண்டும் ஓரிடத்தில் வந்து நின்றன. வினாடி முள் நடக்கத் தொடங்கியது.

அண்ணி கைதட்டினாள். மைக் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நிலையத்துக் கடிகாரத்தோடு தினமும் ஒத்துப்பார்க்கிற கைக்கடிகாரம்.

"ஒரு நிமிஷம் பின்னாடி இருக்கு."

"இருக்காதே!"

"இருக்கு. வினாடி சரியா இருக்கு, நிமிஷம்தான் தப்பு." அவள் குரல் தாழ்ந்தது. "இதுவும் பொய் சொல்லக் கத்துக்கிச்சு." கடிகாரத்தை ஆணியிலிருந்து கழற்றிக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள்.

அண்ணி எல்லாவற்றையும் மறுபடி பார்த்தாள். செயற்கைக்கோள் தந்த நேரம் சரி. மூச்சுகளின் நீளம் சரி. நிமிடம் தொடங்கும்போது அந்த நிமிடத்தைத்தானே அனுப்புகிறோம், பிறகு எங்கே இடிக்கிறது? வெளியே வெயில் சாயத் தொடங்கியிருந்தது. போன் இன்னும் அடிக்கவில்லை.

"டீ வந்துடுச்சு!" என்று சமையலறையிலிருந்து அண்ணன் கூவினான்.

மைக் எட்டிப் பார்த்தாள். அடுப்பில் தண்ணீர்கூடச் சூடாகவில்லை. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். "ஏன் அண்ணா, வராததை வந்துடுச்சுன்னு சொல்லலாமா? மைக் முன்னாடி நீ ஒரு நாள் உட்கார்ந்தா தெரியும். வண்டி நிக்குது, புறப்பட ஒரே நிமிஷம் இருக்குன்னு வெச்சுக்கோ. 'வண்டி நிற்கிறது'ன்னு நான் நிதானமா அறிவிச்சு முடிக்கறதுக்குள்ள அது போயிடும். ஓடி வர்றவன் என்னைத்தான் திட்டுவான். அதனால, வாயைத் திறக்கறப்போ எது உண்மைன்னு பார்க்கக் கூடாது. சொல்லி முடிக்கறப்போ எது உண்மையா இருக்குமோ அதைத்தான் சொல்லணும்."

"டீ போட்டு முடிக்கறப்போ உண்மையாயிடும், விடு," என்றான் அவன்.

ஸ்க்ரூடிரைவரோடு அண்ணியின் கை அந்தரத்தில் நின்றது.

"மைக்! இன்னொரு தடவை சொல்லு."

"எதை?"

"வேணாம், வேணாம். புரிஞ்சுடுச்சு." அண்ணி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "இந்தச் செய்தியைச் சொல்லி முடிக்கவே ஒரு நிமிஷம் ஆகுது. நான் நாலு மணின்னு ஆரம்பிச்சா, முடிக்கறப்போ நாலு ஒண்ணு. கடிகாரம் பாவம், முடிச்சப்புறம்தான் முள்ளை வைக்கும். நான் அடுத்த நிமிஷத்தைச் சொல்லியிருக்கணும். பழசைச் சொல்லியிருக்கேன். கடிகாரம் பொய் சொல்லல. நான்தான் பழைய உண்மையைச் சொன்னேன்."

மைக் அந்தக் கடைசிச் சொற்களை உதட்டுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

திருத்தம் ஒரே வரி: அனுப்பும் நிமிடத்தோடு ஒன்றைக் கூட்டு. கடிகாரம் மறுபடி ஆணிக்குப் போனது. பொத்தானை மைக்கே அழுத்தினாள். முட்கள் பன்னிரண்டுக்குப் போய் நின்று கேட்கத் தொடங்கியபோது போன் அடித்தது.

அவள் அறையை விட்டு வெளியே போகவில்லை. சுவரைப் பார்த்தபடியே பேசினாள். மறுமுனையில் அவன் பேசப் பேச, "ம்" கொட்டினாள். பெரிய முள் சுற்றத் தொடங்கியது. சுற்றி வந்து நின்றது. மைக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள்.

"இல்லங்க," என்றாள், நிலையத்துக் குரலில், நிறுத்தி நிறுத்தி. "மாறிட்டேன் மாறிட்டேன்னு போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க. வண்டி இன்னும் கிளம்பவே இல்ல, அதுக்குள்ள வந்துடுச்சுன்னு அறிவிக்கறீங்க. நான் அந்த நடைமேடையில நிக்கல."

போனை வைத்தாள். அண்ணி எதுவும் காதில் விழாதது போல ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். உண்மையாகவே டீ வந்தது. அண்ணன் இரண்டு தம்ளரை வைத்துவிட்டு நழுவினான்.

"இந்த டப்பா எப்பவும் கரண்ட்ல இருக்கணுமா அண்ணி?"

"ஆமா. இது நின்னா, அது மறுபடி தடுமாறும்."

"அப்ப என் ரூம்ல இங்கேயே ஒரு பிளக் பாயின்ட் போட்டுத் தருவீங்களா?"

"போட்டாச்..." என்று வாயெடுத்த அண்ணி, நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நாளைக்குப் போடறேன்," என்றாள்.