மூன்றாவது கோடு

விடிவதற்குள் அரவை இயந்திரம் இரையத் தொடங்கிவிடும். வெள்ளைக் கல்லைக் கூடை கூடையாய் அதன் வாயில் கொட்ட வேண்டும். மறுபக்கம் மாவாய்க் கொட்டுவதைச் சாக்கில் பிடித்துக் கட்ட வேண்டும். வெயில் ஏறுமுன் எங்கள் புருவமெல்லாம் வெளுத்துவிடும். அன்று என் மச்சான் ஒரு சாக்கைத் தூக்கியதுமே உட்கார்ந்துவிட்டான். இருமினான், இருமினான், நிற்கவே இல்லை.

முதலாளி மூக்கில் கைக்குட்டையோடு வாசலிலேயே நின்றார். உள்ளே வர அவருக்கென்ன பைத்தியமா?

"நடிக்கிறியா? நாளையிலேர்ந்து வராதே."

"நடிக்கல மொதலாளி, தூசிதான் இவனைக் கொல்லுது," என்றேன்.

"அப்ப மத்தவனுக்கெல்லாம் ஏன் ஒண்ணும் ஆகல?"

மச்சானைத் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். அந்த ஆத்திரம் வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை.

அவர் கேள்விக்குப் பதில் தேட வழி சொன்னவள் மச்சானைக் கட்டிய என் தங்கைதான். அவள் கூட்டிப் பெருக்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மூச்சை அளந்ததைப் பார்த்திருந்தாள். பெரிய தண்ணீர் கேனில் அரை லிட்டர் பாட்டிலால் ஊற்றி ஊற்றி, ஒவ்வொரு தடவையும் வெளியே ஒரு கோடு போட்டாள். நிறைந்ததும் வாயைப் பொத்தி, அகலமான தொட்டித் தண்ணீருக்குள் தலைகீழாய்க் கவிழ்த்தாள். கேனின் வாய்க்குள் குழாயைச் செருகினாள்.

"நல்லா இழுத்து, முடியிறவரைக்கும் ஊதுங்க. எவ்வளவு தண்ணி எறங்குதோ அவ்வளவு மூச்சு."

மச்சான் ஊதினான். தண்ணீர் மூன்றாவது கோட்டில் நின்றது. கண் பிதுங்க நான் ஊதினேன், அதே கோடு. மச்சானைப் பார்க்க வந்திருந்த சாக்குத் தைப்பவர், கல் சுமக்கும் மொட்டை, எல்லோருக்கும் அங்கேதான்.

"அட, எல்லாருக்கும் ஒரே அளவு! மனுசனுக்கு இவ்வளவுதான்டா மூச்சு," என்று மொட்டை சிரித்தான். எனக்கும் நெஞ்சு லேசானது. முட்டாள்கள் நாங்கள்!

மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். "அப்ப நான் நடிக்கிறேன்னுதானே அர்த்தம்?"

தங்கைக்குப் பொறுக்கவில்லை. கேனை மறுபடி நிரப்பிக் கவிழ்த்தாள், குழாயைக் கழுவினாள், ஊதினாள். நோஞ்சான் உடம்பு அவளுக்கு. தண்ணீர் மூன்றாவது கோட்டைத் தாண்டியது, ஆறாவதில்தான் நின்றது.

மொட்டையின் சிரிப்பு செத்துப்போனது.

"ஒண்ணும் ஆகலயா?" என்றேன். "எல்லாருக்கும் ஆயிடுச்சுடா!"

மறுநாள் காலை கேனும் தொட்டியுமாக மில் வாசலில் உட்கார்ந்தோம்.

"என்னடா கூத்து இது? போய் மெஷினைப் போடுங்க!"

"மத்தவனுக்கு ஏன் ஆகலன்னு கேட்டீங்களே, பதில் கொண்டாந்திருக்கோம். ஊதிப் பாருங்க மொதலாளி."

"கேனெல்லாம் டாக்டராயிடுமா?"

"ஆகாதுதான். அப்ப டாக்டரைக் கூப்பிடுங்க, எங்க எல்லாரையும் பாக்கட்டும். தூசியை உறிஞ்ச மெஷின் வைங்க. மச்சானை நிறுத்தாதீங்க. அதுவரைக்கும் ஒருத்தனும் உள்ள வரமாட்டோம்."

"வராட்டிப் போங்கடா! ஆளுக்கா பஞ்சம்?"

சொன்னபடியே லாரியில் புது ஆட்களைக் கொண்டுவந்துவிட்டார். முதலில் குதித்தவன் வாட்டசாட்டமாக இருந்தான்.

"என்னண்ணே இது?"

தங்கை குழாயை அலசி நீட்டினாள். விளையாட்டாக ஊதினான். தண்ணீர் எட்டாவது கோட்டையும் தாண்டி இறங்கியது.

மச்சான் மூச்சு வாங்க வாங்கச் சொன்னான்: "நானும்... உன்னை மாதிரிதாம்பா... உள்ள போனேன்."

புது ஆள் கேனைப் பார்த்தான். எங்கள் முகங்களைப் பார்த்தான். முதலாளி ஆபீஸ் அறையிலிருந்து, உள்ளே போகச் சொல்லிக் கத்தினார். புது ஆள் திரும்பி லாரியைப் பார்த்து, "இறங்குங்கப்பா, ஆனா உள்ள போகாதீங்க," என்றான். பிறகு மச்சானுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான்.